‘ஜெயித்திருக்கலாம்’ என்பதற்கு எத்தனை ஆங்கிலம்? – வாசகர் கேள்வி பதில்

ஆங்கிலத்தில் ‘கேன்’, ‘குட்’, ‘மே’, ‘மைட்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘வில்’, ‘வுட்’ என்று முதன்மை வினைக்கு முன்னால் வந்து நிற்கும் துணைவினைகளை மோடல் வினைகள் என்பார்கள். அவற்றைப் பற்றிச் சேர்ந்துவிட்ட கடிதங்களில் கணிசமானவை கால்பந்தைத் தொட்டு எழுதப்பட்டிருந்ததால், அவற்றை மட்டும் தனியே எடுத்து இந்த முறை பதில் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் ‘குட்’ என்று வரும் இடமெல்லாம் ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவத்தையே குறிக்கும். ‘நல்ல’ என்ற பொருளுள்ள சொல் இதில் எங்கும் வராது.

கேள்வி: வியாசர்பாடியில் மாலை வேளைகளில் சிறுவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சி தருகிறேன். பயிற்சி முடிந்ததும் அரை மணி நேரம் அவர்களை ஆங்கிலத்தில் பேச வைப்பேன். அவர்கள் ஆசையாகப் பேசுவது அடுத்த ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் என்பதால், ‘நாம் ஜெயிக்கலாம்’ என்பதற்கு ‘வீ மே வின்’ என்று சொல்லிக்கொடுத்தேன். இப்போது தோற்றுவிட்ட ஆட்டத்தைப் பற்றியும் ‘வீ மே ஹாவ் வன்’ என்கிறார்கள். தவறு என்று காதுக்குத் தெரிகிறது, ஆனால் ஏன் தவறு என்று விளக்கத் தெரியவில்லை. – ஒரு பயிற்சியாளர், சென்னை

பதில்: சிறுவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. தமிழில் ‘லாம்’ என்ற ஒரு விகுதியின் தலையில் நாம் ஏற்றி வைத்திருக்கும் சுமை மிகப் பெரியது. ‘நீ வீட்டுக்குப் போகலாம்’ என்னும்போது அது அனுமதி. ‘மாலையில் மழை வரலாம்’ என்னும்போது வாய்ப்பு. ‘வா, விளையாடலாம்’ என்னும்போது அழைப்பு. இவை மூன்றும் நிகழ்காலத்திலோ எதிர்காலத்திலோ இருக்கும்வரை பெரிய சிக்கல் எழுவதில்லை. ‘இருக்கலாம்’ என்று இறந்தகாலத்துக்குள் காலை வைத்ததும்தான் தடுக்கி விழுகிறோம்.

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். முதலாவது: ‘1950-ல் இந்தியா உலகக் கோப்பையில் ஆடியிருக்கலாம்.’ அந்த ஆண்டு பிரேசிலில் நடந்த போட்டியில் இந்தியாவுக்கு இடம் கிடைத்திருந்தது, ஆனால் அணி போகவில்லை. அதன்பின் இன்றுவரை ஆண்கள் உலகக் கோப்பையில் இந்தியா ஆடியதும் இல்லை. இரண்டாவது: ‘ஒலிம்பிக்கையே பெரிதாக எண்ணிய நிர்வாகிகள், உலகக் கோப்பையைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம்.’ தமிழில் இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியத்தைச் சொல்பவருக்கு நடந்தது என்ன என்று நன்றாகத் தெரியும். வாய்ப்பு இருந்தும் நழுவியது என்று ஆதங்கப்படுகிறார். இரண்டாவதைச் சொல்பவருக்கு உண்மைக் காரணம் உறுதியாகத் தெரியாது, ஊகிக்கிறார். (வெறுங்காலோடு ஆட அனுமதிக்காததுதான் காரணம் என்று நம் ஊர் டீக்கடை வரைக்கும் ஒரு கதை உண்டு, அதை மட்டுமே காரணமாக ஏற்க, கால்பந்து வரலாற்றை எழுதியவர்கள் பலர் தயங்குகிறார்கள்.)

ஆங்கிலம் இந்த இரண்டு மனநிலைகளையும் ஒரே சொல்லில் அடைக்காது. முதலாவதற்கு ‘இந்தியா குட் ஹாவ் ப்ளேய்ட்’. இரண்டாவதற்கு ‘தே மே ஹாவ் இக்னோர்ட் இட்’. முதல் வாக்கியத்தில் ‘மே ஹாவ் ப்ளேய்ட்’ என்று சொன்னால், இந்தியா ஆடியதா இல்லையா என்பதே இவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று கேட்பவர் நினைப்பார். உங்கள் மாணவர்கள் களத்தில் நின்று ஆடித் தோற்றுவிட்டு வந்து ‘வீ மே ஹாவ் வன்’ என்பதும் இப்படித்தான்: தாங்கள் ஆடிய ஆட்டத்தின் முடிவு தங்களுக்கே தெரியாது என்று சொல்லிக்கொள்கிறார்கள். காய்ச்சலோடு வீட்டில் படுத்திருக்கும், இன்னும் முடிவு காதுக்கு எட்டாத பையன் ஒருவன் ‘தே மே ஹாவ் வன்’ என்று சொன்னால் அது முற்றிலும் சரியான ஆங்கிலம்.

இதில் ஒரு வளைவு உண்டு. அதை மறைத்தால் பின்னால் மாணவர்கள் உங்களையே மடக்குவார்கள். ‘மைட் ஹாவ்’, ‘குட் ஹாவ்’ ஆகிய இரண்டும் இரு பக்கமும் போகும். முடிவு தெரியாதவரும் சொல்லலாம், முடிவு தெரிந்து வருந்துபவரும் சொல்லலாம். ‘மே ஹாவ்’ மட்டும்தான் தெரியாதவர் பக்கத்திலேயே நிற்க வேண்டியது. ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதுபவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கற்றுக்கொள்ளும் பருவத்தில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

பாடமாக நடத்த ஓர் ஆட்டமே போதும். 2010 ஜூலை 2 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கானாவும் உருகுவேயும் மோதிய காலிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1-1 என்று கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள் ஓடிக்கொண்டிருந்தபோது, கோலுக்குள் போக இருந்த பந்தை உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ் கோல் கோட்டில் நின்று கையால் தடுத்தார். அவருக்குச் சிவப்பு அட்டை, கானாவுக்குப் பெனால்டி. அசமோவா கியான் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தபோது ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் மனத்தில் சொல்லிக்கொண்ட வாக்கியம் ‘கானா கேன் வின் திஸ்’. அவர் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு வெளியே போனது; அதன்பின் பெனால்டி ஷூட்அவுட்டில் 4-2 என்று உருகுவே வென்றது. அந்த நொடியிலிருந்து வாக்கியம் ‘கானா குட் ஹாவ் வன்’ என்று மாறிவிடுகிறது. கானா வென்றிருந்தால் உலகக் கோப்பை அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெயர் அதற்குக் கிடைத்திருக்கும். அந்தப் பெயர் 12 ஆண்டுகள் கழித்து, 2022-ல் மொராக்கோவுக்குப் போனது. பெனால்டிக்கு முன் ஒரு வாக்கியம், பின் ஒரு வாக்கியம் என்று பையன்களைச் சொல்ல வையுங்கள். அடுத்ததாக, அன்றிரவு தூங்கிப் போய்விட்ட ஒருவர் காலையில் செய்தித்தாளைத் திறக்கும் முன் என்ன சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். ‘மே ஹாவ்’ தானாக வந்து தன் இடத்தில் உட்காரும்.

கேள்வி: என் மகளின் இலக்கண நூலில் ‘வில்’ என்றால் 100 சதவீதம், ‘மே’ என்றால் 50 சதவீதம், ‘மைட்’ என்றால் 30 சதவீதம் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கு சரியா? – ஒரு தாய், ஈரோடு

பதில்: கணக்கு என்று எடுத்துக்கொண்டால் சரியில்லை. ஆங்கிலம் பேசுபவர் யாரும் மனத்தில் சதவீதம் போட்டுப் பார்த்துத் துணைவினையைத் தேர்ந்தெடுப்பதில்லை. ‘வீ மே வின்’ என்பதைவிட ‘வீ மைட் வின்’ சற்றே தயங்கி ஒலிக்கும், அவ்வளவுதான். அன்றாடப் பேச்சில் அந்தத் தயக்கமும் பல நேரம் இருக்காது, ‘மைட்’ இயல்பாக வரும், ‘மே’ கொஞ்சம் எழுத்து நடையாகத் தோன்றும். ‘வில்’ என்பதையும் நூறு என்று எண்ணிவிடாதீர்கள். தரவரிசையின் அடியில் கிடக்கும் அணியின் ரசிகரும் ‘வீ வில் வின்’ என்றுதான் கத்துவார். அது கணிப்பு அன்று, அடம். ‘ஜெயிப்போம்’ என்று நாம் சொல்வதும் அப்படித்தானே? மகளின் தேர்வுக்கு அட்டவணை உதவினால் இருந்துவிட்டுப் போகட்டும். பேசும்போது அதை மறந்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘மஸ்ட் ஹாவ்’, ‘ஷுட் ஹாவ்’ இரண்டுக்கும் எங்கள் பேராசிரியர் ‘இருக்க வேண்டும்’ என்றே மொழிபெயர்ப்புத் தந்தார். பிறகு ‘ஆனால் இரண்டும் வேறு’ என்றும் சொன்னார். எப்படி வேறு? – கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: உங்கள் பேராசிரியர் தந்த மொழிபெயர்ப்பு சரியானது, சிக்கலின் வேரும் அதிலேயே இருக்கிறது. ‘பந்து கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும்’ என்று தமிழில் ஒருவர் சொன்னால், ‘தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்’ என்றும் கொள்ளலாம். ‘தாண்டியிருந்தால்தான் நியாயம், தாண்டாமல் போய்விட்டது’ என்றும் கொள்ளலாம். முன்னதற்கு ஆங்கிலம் ‘மஸ்ட் ஹாவ்’, பின்னதற்கு ‘ஷுட் ஹாவ்’. தமிழில் குரலின் ஏற்ற இறக்கமும் இடமும் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் சொல் செய்கிறது.

இதை விளக்க இங்கிலாந்து அணியின் வரலாற்றிலேயே, ஒருவர் வேண்டுமென்றே அமைத்துத் தந்தது போல, இரண்டு பந்துகள் இருக்கின்றன. இரண்டும் குறுக்குக் கம்பத்தின் அடிப்பகுதியில் பட்டுக் கீழே விழுந்தவை. இரண்டு ஆட்டங்களிலும் எதிரணி ஜெர்மனியே.

முதல் பந்து 1966 ஜூலை 30 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் விழுந்தது. உலகக் கோப்பை இறுதிப்போட்டி, மேற்கு ஜெர்மனியுடன் 2-2 என்று சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது. ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேலே கம்பத்தில் மோதி, கோட்டின் மீதோ அதற்கு அப்பாலோ விழுந்து வெளியே துள்ளியது. சுவிட்சர்லாந்து நடுவர் கோட்ஃப்ரீட் டீன்ஸ்ட், சோவியத் ஒன்றியத்தின் அஜர்பைஜானைச் சேர்ந்த பக்க நடுவர் தோஃபிக் பஹ்ரமோவிடம் ஓடிப்போய்க் கேட்டார். அவர் கோல் என்றார். இங்கிலாந்து 4-2 என்று வென்றது. பாகு நகரிலுள்ள பெரிய மைதானத்துக்குப் பின்னாளில் அந்தப் பக்க நடுவரின் பெயரையே வைத்தார்கள்.

பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டியதா என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி அன்றைய படச்சுருள் காட்டவில்லை. ஆகவே இங்கிலாந்து ரசிகர் ‘த பால் மஸ்ட் ஹாவ் க்ராஸ்ட் த லைன்’ என்கிறார். அதற்கு அவர் தரும் சான்று, அருகில் நின்ற ரோஜர் ஹன்ட் பந்தை மீண்டும் உள்ளே தள்ள முயலாமல் கைகளை உயர்த்திக்கொண்டு திரும்பிவிட்டார் என்பது. கோல் என்று அவருக்குத் தெரிந்திருக்காவிட்டால் அப்படிச் செய்திருப்பாரா என்று கேட்கிறார். ‘மஸ்ட் ஹாவ்’ இப்படித்தான் பிறக்கிறது: கண்ணால் காணாததைக் கண்டதிலிருந்து முடிவு கட்டுவது. ஜெர்மானிய ரசிகர் மறுத்துச் சொல்வதும் ஊகமே. ஆனால் அவர் ‘மஸ்ட் நாட் ஹாவ்’ என்று சொல்லக் கூடாது. ஊகத்தில் ‘மஸ்ட்’ என்பதன் எதிர்ப்பதம் ‘கான்ட்’. ‘த பால் கான்ட் ஹாவ் க்ராஸ்ட் த லைன்’: தாண்டியிருக்க முடியாது. இந்த இடத்தில் தமிழ் உங்களுக்குத் துணைக்கு வருகிறது. ‘தாண்டியிருக்க வேண்டும்’ என்பதற்கு மறுப்பாக ‘தாண்டியிருக்க முடியாது’ என்றுதானே நாமும் சொல்வோம்?

இரண்டாவது பந்து 2010 ஜூன் 27 அன்று தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைனில் விழுந்தது. ஜெர்மனி 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே தரையைத் தொட்டு வெளியே வந்தது. மைதானத்தில் இருந்தவர்களும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் கண்டதை நடுவரும் பக்க நடுவரும் காணவில்லை. கோல் தரப்படவில்லை, ஆட்டம் 4-1 என்று முடிந்தது. இதற்கு யாரும் ‘மஸ்ட் ஹாவ் க்ராஸ்ட்’ என்று சொல்வதில்லை, ஏனெனில் ஊகிக்க அங்கே எதுவும் இல்லை. தாண்டியது கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே வரவேண்டிய வாக்கியம் ‘த கோல் ஷுட் ஹாவ் பீன் கிவன்’. நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்ற குறை அது. அடுத்த உலகக் கோப்பையான 2014-ல் கோல் கோட்டைக் கண்காணிக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. அதோடு கால்பந்து ரசிகர்களின் பேச்சிலிருந்து ‘மஸ்ட் ஹாவ் க்ராஸ்ட்’ என்ற வாக்கியம் ஏறக்குறையக் காணாமல் போய்விட்டது என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.

இன்னும் ஆடாத ஆட்டத்திலும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையே இடைவெளி உண்டு. ‘வீ மஸ்ட் வின்’ என்றால் ஜெயித்தாக வேண்டும், வேறு வழியில்லை. ‘வீ ஷுட் வின்’ என்றால் நம் பலத்துக்கு ஜெயித்துவிட வேண்டும், அதாவது ஜெயிப்போம் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது. ‘ஜெயிக்கணும்’ என்ற ஒரே சொல்லை நாம் எந்தக் குரலில் சொல்கிறோம் என்று கவனித்தால், எந்த ஆங்கிலச் சொல் வேண்டும் என்பது புரிந்துவிடும்.

கேள்வி: ‘ஜெயிக்க வேண்டியதில்லை, டிரா செய்தால் போதும்’ என்பதை ‘வீ மஸ்ட் நாட் வின், ட்ரா இஸ் இனஃப்’ என்று எழுதினேன். நண்பர்கள் சிரித்தார்கள். – வாசகர், தூத்துக்குடி

பதில்: சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. ‘வீ மஸ்ட் நாட் வின்’ என்றால் ‘நாம் ஜெயிக்கவே கூடாது’ என்று பொருள். பந்தயக்காரர்களிடம் கைநீட்டிப் பணம் வாங்கிய அணி மட்டுமே அப்படிப் பேசிக்கொள்ளும். ‘மஸ்ட்’ என்பதோடு ‘நாட்’ சேர்ந்தால் கட்டாயம் விலகுவதில்லை, தடை வந்துவிடுகிறது. கட்டாயம் இல்லை என்று சொல்ல ‘வீ டோன்ட் ஹாவ் டு வின்’ அல்லது ‘வீ நீடன்ட் வின்’ என்று எழுத வேண்டும். தமிழில் ‘கூடாது’ என்பதற்கும் ‘வேண்டியதில்லை’ என்பதற்கும் நடுவே இருக்கும் அதே தூரம்தான் இது.

1950 ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசில் இருந்த நிலை உங்கள் வாக்கியத்துக்குச் சரியான எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு கோப்பையை முடிவு செய்ய நான்கு அணிகள் கொண்ட கடைசிச் சுற்று நடந்தது; சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் தோற்கடித்துவிட்டு வந்த பிரேசிலுக்கு, உருகுவேயுடனான கடைசி ஆட்டத்தில் டிரா போதுமானதாக இருந்தது. ‘பிரேசில் டிட் நாட் ஹாவ் டு வின், தே ஒன்லி ஹாட் டு ட்ரா.’ முதல் கோலும் பிரேசிலுக்கே கிடைத்தது. பிறகு உருகுவே சமன் செய்தது, 79-ஆம் நிமிடத்தில் அந்த அணியின் கிஜியா இன்னொன்றை அடித்தார், ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் நிறைந்த மைதானம் வாயடைத்துப் போனது. ‘எ ட்ரா வுட் ஹாவ் பீன் இனஃப்’ என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

மேலே ‘ஹாட் டு’ வந்ததைக் கவனித்தீர்களா? கட்டாயத்தைக் குறிக்கும் ‘மஸ்ட்’ என்பதற்குத் தனி இறந்தகால வடிவம் கிடையாது. ‘ஹாட் டு’தான் அந்த இடத்தை நிரப்பும். ‘மஸ்ட் ஹாவ்’ என்று போட்டால் அது முந்தைய பதிலில் சொன்ன ஊகமாகிவிடும்.

உண்மையாகவே ‘மஸ்ட் நாட்’ போட வேண்டிய இடம் 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு வாய்த்தது. 36 ஆட்டங்களாகத் தோற்காமல் கத்தார் வந்த அந்த அணி, முதல் ஆட்டத்திலேயே சவுதி அரேபியாவிடம் 1-2 என்று விழுந்தது. அடுத்து மெக்சிகோவிடமும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற நிலை. அந்தக் காலையில் அர்ஜென்டினா ரசிகர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசியிருந்தால் ‘வீ மஸ்ட் நாட் லூஸ்’ என்றே சொல்லியிருப்பார்: தோற்கக் கூடாது.

கேள்வி: ‘கடைசி நிமிடத்தில் கோல்கீப்பரால் பந்தைத் தடுக்க முடிந்தது’ என்பதற்கு ‘த கோல்கீப்பர் குட் சேவ் த பால்’ என்று எழுதலாமா? – போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை

பதில்: எழுத வேண்டாம். ‘குட்’ இறந்தகாலத்தில் பொதுவான திறமையைச் சொல்லும்: ‘சிறுவனாக இருந்தபோது அவனால் இரண்டு காலாலும் அடிக்க முடியும்’ என்பது போல. ஒரு குறிப்பிட்ட தருணத்தில் ஒன்றைச் செய்து முடித்துவிட்டார் என்றால் ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’ வேண்டும். தமிழில் ‘முடியும்’, ‘முடிந்தது’ என்ற இரண்டும் இந்த வேலையைப் பிரித்துக்கொண்டிருப்பதால், ‘முடிந்தது’ என்று உங்கள் மனத்தில் வந்தால் ‘குட்’ என்பதை ஒதுக்கி வையுங்கள். 2022 டிசம்பர் 18 அன்று லுசைல் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதிப்போட்டி 3-3 என்றிருக்க, கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் பிரான்சின் ராண்டல் கோலோ முவானி தனியாக வந்து அடித்த பந்தை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். ‘மார்ட்டினெஸ் வாஸ் ஏபிள் டு சேவ் இட்.’ எதிர்மறையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. தடுக்க முடியாமல் போயிருந்தால் ‘ஹீ குடன்ட் சேவ் இட்’ என்றே எழுதியிருக்கலாம்.

இதையொட்டி இன்னொன்று. ‘நாளை எங்களால் ஜெயிக்க முடியும்’ என்பதற்கு ‘வீ வில் கேன் வின்’ என்று விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு மோடல் வினைக்கு அடுத்து இன்னொன்று நிற்காது. ‘வீ கேன் வின் டுமாரோ’ என்றாலே போதும்; எதிர்காலத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘வில் பி ஏபிள் டு’.

கேள்வி: ‘இந்தியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற வேண்டும் என்பது என் ஆசை’ என்பதை ‘ஐ விஷ் இந்தியா வில் குவாலிஃபை’ என்று கட்டுரைப் போட்டியில் எழுதினேன். சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். ‘ஹோப்’, ‘விஷ்’ இரண்டும் ஒன்றில்லையா? – பள்ளி மாணவர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் ஆசையில் பிழை இல்லை, ‘வில்’ என்பதில்தான் பிழை. ‘ஹோப்’ என்ற சொல், கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று நம்புபவருடையது. ஆகவே அதன் பின்னால் நிகழ்காலமோ ‘வில்’ என்பதோ இயல்பாக வரும்: ‘ஐ ஹோப் இந்தியா குவாலிஃபைஸ்’, ‘ஐ ஹோப் இந்தியா வில் குவாலிஃபை’. ‘விஷ்’ என்ற சொல், உலகம் இப்போது இருக்கும் விதத்தோடு முரண்பட்டு நிற்பவருடையது. அதனால் அதன் பின் வரும் வினை ஒரு படி பின்னோக்கிப் போகும். நிகழ்காலத்தைப் பற்றி என்றால் இறந்தகால வடிவம்: ‘ஐ விஷ் வீ ஹாட் மோர் க்ரவுண்ட்ஸ்’, அதாவது இன்னும் நிறைய மைதானங்கள் இருந்தால் நன்றாயிருக்கும், ஆனால் இல்லை. கடந்ததைப் பற்றி என்றால் இன்னும் ஒரு படி பின்னால்: ‘ஐ விஷ் வீ ஹாட் கான் இன் 1950’. இனி மாற வேண்டியதைப் பற்றி, கொஞ்சம் பொறுமையிழந்து சொன்னால் ‘வுட்’: ‘ஐ விஷ் தே வுட் பாஸ் த பால்’ என்று, பந்தைத் தானே வைத்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரரைப் பார்த்து அரங்கிலிருந்து முணுமுணுப்பது போல.

இங்கிலாந்து ரசிகர்களுக்கு இந்த இரண்டு வினைகளும் மனப்பாடம். ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டியில் 2021-ல் இத்தாலியுடன் ஆட வெம்ப்ளிக்குப் போனபோது ‘ஹோப்’, பெனால்டியில் தோற்றுத் திரும்பும்போது ‘விஷ்’. 2024-ல் பெர்லினில் ஸ்பெயினுடன் ஆடப் போனபோது மறுபடி ‘ஹோப்’, 1-2 என்று தோற்றபின் மறுபடி ‘விஷ்’. நீங்கள் ‘ஐ விஷ் இந்தியா வுட் குவாலிஃபை’ என்று எழுதியிருந்தால் இலக்கணம் சரியாகியிருக்கும், ஆனால் நடக்காது என்று சலித்துக்கொள்ளும் தொனி வந்திருக்கும். நீங்கள் எழுத நினைத்தது அது இல்லையென்றே நினைக்கிறேன், ‘ஹோப்’ போடுங்கள். தோழனை வாழ்த்தும்போதும் ‘ஐ விஷ் யூ வின்’ என்று சொல்லாமல் ‘ஐ விஷ் யூ லக்’ அல்லது ‘ஐ ஹோப் யூ வின்’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: ‘லெஸ்டர் கீழே இறங்கிவிடும் என்று சொன்னார்கள்’ என்பதில் ‘இறங்கிவிடும்’ எதிர்காலம்தானே? ஆங்கிலத்தில் ஏன் ‘வில்’ போடாமல் ‘வுட்’ போடுகிறார்கள்? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தமிழில் ‘என்று’ என்ற சொல் ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரி. அதற்கு முன்னால் வரும் பேச்சை, பேசப்பட்ட நாளில் இருந்த காலத்தோடு அப்படியே வைத்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் ‘தட்’ அப்படிச் செய்வதில்லை. ‘செட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டால் உள்ளே இருக்கும் ‘வில்’ என்பதையும் பொதுவாக ‘வுட்’ என்று பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ‘பீப்பிள் செட் தட் லெஸ்டர் வுட் கோ டவுன்.’

நீங்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டில் இந்த ‘வுட்’ இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. 2014-15 பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படாமல் மயிரிழையில் தப்பிய அணி லெஸ்டர் சிட்டி. அடுத்த பருவம் தொடங்கும் முன் அது கோப்பையை வெல்லும் என்பதற்குப் பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 என்று விலை வைத்தார்கள். 38 ஆட்டங்களில் 81 புள்ளிகள் எடுத்து, இரண்டாம் இடத்திலிருந்த ஆர்சனலைவிட 10 புள்ளிகள் முன்னால் நின்று அந்த அணி பட்டம் வென்றது. சொன்னவர்கள் சொன்னபோது அது ‘வில்’. இன்று நாம் திரும்பிப் பார்த்துச் சொல்லும்போது, அந்தக் கணிப்பு பலித்ததா இல்லையா என்பது தெரிந்தபின் சொல்வதால் ‘வுட்’. ஒன்று மட்டும்: சொன்ன செய்தி இன்னும் நடக்காமல் காத்திருக்கிறது என்றால் ‘வில்’ அப்படியே நிற்கலாம். நேற்றுப் பயிற்சியாளர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதை இன்று நீங்கள் சொன்னால், ‘ஹீ செட் வீ வில் வின் ஆன் சன்டே’ என்பதில் பிழை இல்லை.

கேள்வி: நடுவர் தேர்வுக்காகக் கால்பந்து விதிகளை ஆங்கிலத்தில் படிக்கிறேன். ஓர் அணியில் 7 பேருக்குக் குறைவாக இருந்தால் ஆட்டம் ‘மே நாட் ஸ்டார்ட்’ என்று மூன்றாம் விதியில் வருகிறது. ‘ஆட்டம் தொடங்காமல் போகலாம்’ என்று புரிந்துகொண்டேன். அப்படியானால் தொடங்குவதா வேண்டாமா என்பது நடுவரின் விருப்பமா? – உடற்கல்வி ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: இல்லை, ஐயா. அங்கே ‘மே நாட்’ என்றால் ‘கூடாது’. முதல் கேள்வியில் பார்த்த ‘லாம்’ என்பதைப் போலவே ‘மே’ என்பதற்கும் அனுமதி, வாய்ப்பு என்று இரண்டு முகங்கள் உண்டு. சட்டமும் விதியும் பேசும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் அனுமதியின் முகமே தெரியும், ‘நாட்’ சேர்ந்தால் அந்த அனுமதி மறுக்கப்படும். வானிலை அறிக்கையில் இதே ‘த மேட்ச் மே நாட் ஸ்டார்ட்’ வந்தால் நீங்கள் புரிந்துகொண்டதே சரி. விதி நூலில் ‘மே’ தனியாக வந்தால் ‘செய்யலாம்’, ‘மஸ்ட்’ வந்தால் ‘செய்தே ஆக வேண்டும்’ என்று படியுங்கள். பெனால்டி அடிக்கப்படும் கணத்தில் கோல்கீப்பரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டைத் தொட்டுக்கொண்டோ, கோட்டுக்கு நேராகவோ, கோட்டுக்குப் பின்னாலோ இருந்தாக வேண்டும் என்ற இடத்தில் ‘மஸ்ட்’ போட்டிருப்பதைப் பதினான்காம் விதியில் பார்க்கலாம். தேர்வில் 6 பேரோடு ஓர் அணி வந்து நிற்பதாகக் கேட்டால், ஆட்டத்தைத் தொடங்க மாட்டேன் என்றே எழுதுங்கள்.